வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கொள்

ஜப்பான் பயணத்தில் ஒரு ராத்திரியை ரியோகான் என்கிற மரபு விடுதிக்கு ஒதுக்கியிருக்கிறாய் என்றால், அன்று மதியத்துக்கு மேல் வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் வைக்காதே. எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், அதனால் முதலில் சொல்கிறேன். பகல் முழுக்கக் கோயில், கோட்டை, கடைத்தெரு என்று சுற்றிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு விடுதி வாசலில் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். அதற்குள் சமையலறையை மூடியிருப்பார்கள். காசு கட்டிய சாப்பாடும் போச்சு, குளிக்கிற ஆசையும் பாதி போச்சு.

பொதுவாக மாலை 3 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். நீ கொடுக்கும் பணம் படுத்துத் தூங்க மட்டும் இல்லை, நடுவில் உள்ள அந்தப் பத்தொன்பது மணி நேரம் முழுவதற்கும். அதனால் 3 மணிக்கே போய்விடு. தேநீரும் சின்னதாக ஒரு இனிப்பும் வைப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போ, வெறும் வயிற்றோடு சூடான நீரில் இறங்கினால் தலை கிறுகிறுக்கும். இரவு உணவு 6 மணி, 6.30 மணி வாக்கில் இருக்கும். அதற்கு முன் ஒரு குளியல், தூங்கப் போகும் முன் ஒன்று, விடிந்ததும் ஒன்று. ரியோகான் வாசம் என்பது இதுதான்.

அறை போடும்போது

விலையைப் பார்த்து மலைத்துப்போகாதே. ஹோட்டலில் அறைக்குக் கணக்கு, இங்கே ஆளுக்குக் கணக்கு. இரவு உணவும் காலை உணவும் அதிலேயே சேர்ந்திருக்கும். ஓரளவு நல்ல விடுதி என்றால் ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகலாம். பேர்பெற்ற இடங்களில் இதற்கும் மேலே. குழந்தைகளுக்குப் படுக்கை வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா என்பதைப் பொறுத்துத் தனிக் கட்டணம். இதுபோக ஊற்றுக் குளியல் வரி என்று பல ஊர்களில் தலைக்கு 150 யென் வாங்குவார்கள். சனிக்கிழமை இரவு விலை ஏறும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில், புத்தாண்டு சமயத்தில் ஜப்பான்காரர்களே குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள், அப்போது இடம் கிடைப்பதே பாடு. ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு ராத்திரியைப் பார்.

எந்த ஊர் என்று கேட்டால், டோக்கியோவில் இருப்பவர்களுக்கு ஹகோனே வசதி. ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். குன்மா மாகாணத்தில் இருக்கும் குசாட்சு, அமிலமும் கந்தகமும் நிறைந்த நீருக்குப் பேர்போனது. ஊர் நடுவிலேயே ஊற்று நீர் மரத் தொட்டிகள் வழியாக ஆவி பறக்க ஓடுவதைப் பார்க்கலாம். மட்சுயாமாவில் 1894-இல் கட்டிய தோகோ ஒன்சென் குளியல் மாளிகை இருக்கிறது. யமனாஷி மாகாண மலைக்குள் இருக்கும் கெய்உன்கான், 705-ஆம் ஆண்டு தொடங்கியது, உலகிலேயே பழைய ஹோட்டல் என்று கின்னஸில் பதிவானது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக ஓர் இடத்தில் விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் கினொசாகி. கியோட்டோவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓடையின் இரு கரையிலும் வில்லோ மரங்கள், சின்னச் சின்னக் கல் பாலங்கள், ஊருக்குப் பொதுவாக ஏழு குளியல் கூடங்கள். விடுதியில் தங்குகிறவர்களுக்கு அங்கே போக அனுமதிச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். சாயங்காலமானால் ஊரே யுகாதா அங்கியும் மரச் செருப்புமாக டக் டக்கென்று ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் முதல் தடவை போகிறவள், கூச்சப்படுகிறவள் என்றால் ஊரைவிட விடுதியைப் பார்த்துத் தேர்ந்தெடு. 'கஷிகிரி' என்ற தனிக் குளியல் அறை இருக்கிறதா என்று கேள். நாற்பது, ஐம்பது நிமிஷத்துக்கு உன் குடும்பத்துக்கு மட்டும் கதவைத் தாழ்போட்டுக் கொடுப்பார்கள். சில விடுதிகளில் இலவசம், சிலவற்றில் தனிக் கட்டணம். போய் இறங்கியவுடனே நேரம் குறித்துவிடு, தாமதித்தால் நல்ல நேரமெல்லாம் போய்விடும்.

குளியல்

உன் மனசில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். ஆமாம், பொதுக் குளியலில் உடம்பில் ஒரு துணியும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். நீச்சலுடை, உள்ளாடை எதுவும் பெரும்பாலும் அனுமதி கிடையாது. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி, அதனால் அந்தப் பயம் வேண்டாம். உள்ளே பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும். யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பதுதான் அங்கே அநாகரிகம். முதல் ஐந்து நிமிஷம் கஷ்டமாக இருக்கும், பிறகு உனக்கே மறந்துவிடும். கூட்டம் இல்லாத நேரம் வேண்டுமா? அறை கிடைத்த உடனே, அல்லது விடியற்காலையில் திறந்தவுடனே போ. பலமுறை நீ மட்டுமே இருப்பாய்.

நுழையும் முன் வாசலில் தொங்கும் திரைச்சீலையைப் பார். நீலம் பெரும்பாலும் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்பாதே, எழுத்தையும் பார்த்துக்கொள். மேல் பாதியில் நாலு கட்டம் போட்ட சதுரம் இருந்தால் அது ஆண்களுக்கு. பல விடுதிகளில் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு குளங்களையும் அனுபவிக்கட்டும் என்பதற்காக. நேற்று மாலை போன அதே கதவுக்குக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு போய்விடாதே. உன் வீட்டுக்காரரிடமும் இதை அழுத்திச் சொல்.

உள்ளே உடை மாற்றும் அறையில் கூடைகள் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி அதில் வைத்துவிட்டு, சின்னத் துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொள். நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ள அது போதும். பெரிய துண்டு கூடையிலேயே இருக்கட்டும். போனை அறையிலேயே வைத்துவிட்டு வா. நேரம் பார்க்கத்தான் என்றாலும் அங்கே அதை வெளியே எடுக்கக் கூடாது.

அடுத்தது சுவரோரம் வரிசையாகக் குட்டை முக்காலி, வாளி, கை ஷவர், சோப்பு, ஷாம்பூ. உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், நின்றுகொண்டு ஷவரைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை ஒரு பொட்டு இல்லாமல் அலசிவிட்டுத்தான் குளத்துக்குள் கால் வைக்கலாம். அந்த நீர் எல்லோருக்கும் பொது. அழுக்குப் போகக் குளிப்பது இங்கே, வெளியே. குளம், சுத்தமான உடம்போடு அமிழ்ந்து கிடக்க. நம் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: தலையில் எண்ணெய் இருந்தால் இரண்டு முறை ஷாம்பூ போடு, நெற்றிக் குங்குமத்தைக் கழுவு, ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிடு. கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டு, முடி நீரில் படக் கூடாது. நீளக் கூந்தல் என்றால் இரண்டு பேண்டாகவே எடுத்துப் போ.

நகை விஷயத்தில் கவனம், எல்லா ஊற்று நீரும் ஒன்றல்ல. ஜப்பானில் 1948-இல் வந்த சட்டப்படி, ஊற்றுவாயில் 25 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இருந்தாலோ, பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு கலந்திருந்தாலோ அதுதான் ஒன்சென் எனப்படும் ஊற்று நீர். ஆகவே ஊருக்கு ஊர் நீர் வேறு. உப்பு நீர் உண்டு, இரும்பு கலந்து செம்பழுப்பாக வரும் நீர் உண்டு, கந்தகம் கலந்து பால் வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. அழுகிய முட்டை வாடை அடித்தால் அது கந்தகம். அந்த நீரில் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் பட்டால் கறுத்துவிடும். 22 காரட் தங்கத்திலும் செம்போ வெள்ளியோ கலந்திருப்பதால் அதுவும் மங்க வாய்ப்பு உண்டு. கழற்ற மனம் ஒப்புகிற எல்லாவற்றையும் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வா. தாலியைக் கழற்ற மாட்டேன் என்றால், கந்தக நீர் இல்லாத ஊராகப் பார்த்துப் போ. மஞ்சள் கயிறு என்றால் சாயம் நீரில் இறங்கலாம், தனிக் குளியல் அறைதான் உனக்குச் சரி. எந்த நீர் என்பதை உடை மாற்றும் அறையில் ஒட்டியிருக்கும் ஆய்வுத் தாளில் போட்டிருப்பார்கள், போனிலேயே மொழிபெயர்த்துப் படிக்க வேண்டுமென்றால் வரவேற்பில் ஒரு பிரதி கேள்.

நீரின் சூடு 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். நமக்கு முதலில் கொதிக்கிற மாதிரிதான் தெரியும். திடுதிப்பென்று இறங்காதே. ஓரத்தில் உட்கார்ந்து, வாளியால் மொண்டு முதலில் பாதத்தில், அப்புறம் முழங்காலில், இடுப்பில், தோளில் ஊற்று. உடம்பு பழகியதும் மெல்ல இறங்கு. ஐந்து நிமிஷம், அதிகம் போனால் பத்து. பிறகு எழுந்து விளிம்பில் உட்கார், ஆறியதும் மறுபடி இறங்கு. துண்டை நீரில் நனைக்காதே. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள், எல்லோரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். வெளியே திறந்தவெளிக் குளம் இருந்தால் தவறவிடாதே. குளிர்காலத்தில் முகத்தில் பனிக்காற்று, கழுத்துக்குக் கீழே கதகதவென்று வெந்நீர், பக்கத்துப் பாறைமேல் ஒரு சாண் உயரத்துக்கு வெண்பனி. உள்ளேயிருக்கும் குளத்தில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் இது கிடைக்காது.

எழுந்து வரும்போது சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பை ஓரளவு துடைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போ, தரை ஈரமாகக் கூடாது. ஊற்றின் சத்து தோலில் நிற்கட்டும் என்று பலரும் மறுபடி நல்ல நீரில் அலசுவதில்லை. குசாட்சு மாதிரி அமில நீரிலும், உனக்கு மெல்லிய சருமம் என்றாலும், அலசிவிடுவதுதான் நல்லது. நிறையத் தண்ணீர் குடி. பல இடங்களில் குளியலுக்கு வெளியே இயந்திரத்தில் கண்ணாடி பாட்டிலில் குளிர்ந்த பால், காபிப் பால் கிடைக்கும். குளித்துவிட்டு அதைக் குடிப்பது அங்கே வழக்கம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாதவிலக்கு நாட்களில் பொதுக் குளத்தில் இறங்க வேண்டாம். தேதி முன்பின்னாக வரும் என்று தோன்றினால் அறையிலேயே குளியல் வசதி உள்ள இடமாகப் போட்டுக்கொள். கர்ப்பிணிகள் குளிக்கக் கூடாது என்று இருந்த எச்சரிக்கையை ஜப்பான் அரசு 2014-இல் நீக்கிவிட்டது, இருந்தாலும் உன் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்கு, வழுக்கும் தரையில் தனியாக நடக்காதே. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே வர வேண்டும். மது குடித்துவிட்டு யாரும் இறங்கவே கூடாது. டயபர் போடுகிற குழந்தையைப் பொதுக் குளத்தில் விடுவதில்லை. ஏழு வயது ஆகிவிட்ட பையனை அப்பாவோடு ஆண்கள் பக்கம் அனுப்பு. இப்போது பெரும்பாலான இடங்களில் அதுதான் வயது வரம்பு.

பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்குக் கையில் பச்சைக் கோலம் இருக்கும், அதற்கும் இதே விதிதான். சின்னதாக இருந்தால் தோல் நிற ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கச் சொல்வார்கள். பெரியது என்றால் தனிக் குளியல்தான் வழி. கினொசாகியின் பொதுக் கூடங்களில் இந்தத் தடை இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட மருதாணி முழங்கை வரை சிவந்திருந்தால், தெரியாதவர்கள் பச்சை என்று நினைத்துவிடலாம். சில நாளில் அழிந்துவிடும் சாயம் என்று வரவேற்பில் முன்கூட்டியே சொல்லிவிடு.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய விருந்து. அந்த ஊர் மீன், அந்தப் பருவத்துக் காய், ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணத்தில் வந்துகொண்டே இருக்கும். சோறு, மிசோ சூப், ஊறுகாய் மூன்றும் கடைசியில்தான் வரும், சோற்றுக்காகக் காத்திருந்து முன்னால் வந்ததை ஆறவிடாதே. பல இடங்களில் மாட்டிறைச்சிதான் விருந்தின் முக்கியப் பதார்த்தம். சாப்பிடமாட்டாய் என்றால் அறை போடும்போதே எழுது, பெரும்பாலும் கோழியோ மீனோ மாற்றித் தருவார்கள்.

சைவம் என்றால் வெறுமனே 'நாங்கள் வெஜிடேரியன்' என்று எழுதினால் போதாது. நமக்குச் சாம்பாரில் பருப்பு எப்படியோ, ஜப்பான் சமையலுக்கு 'தாஷி' என்கிற சாறு அப்படி. அதைப் பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் இறக்குகிறார்கள். மிசோ சூப்பில் அது உண்டு, வேகவைத்த காயில் உண்டு, டோஃபு மேல் ஊற்றும் குழம்பில் உண்டு, முட்டைச் சுருளில்கூட உண்டு. மீன் துண்டு இல்லாததால் அது சைவம் என்றுதான் அவர்களில் பலர் உண்மையாகவே நினைக்கிறார்கள். ஆகவே இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷி வேண்டாம், கடல்பாசித் தாஷியும் காளான் தாஷியும் சரி, முட்டை ஆகும் அல்லது ஆகாது என்று ஒவ்வொன்றாக எழுது. குறைந்தது ஒரு வாரம் முன்னால் எழுது. அன்றைய சாமானை அன்றைக்குத்தான் வாங்கி வைத்திருப்பார்கள், போய் நின்றபின் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களால் முடியாது என்று சில விடுதிகள் பதில் எழுதும். கோபப்படாதே, அது நேர்மையான பதில். அங்கே சாப்பாடு இல்லாத கட்டணத்தில் அறை போடு, அல்லது வேறு விடுதி பார். ஆனால் மலை ஊர்களில் ராத்திரி கடைகள் சீக்கிரம் மூடிவிடும், சாப்பாடு இல்லாமல் அறை போட்டால் என்ன சாப்பிடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்.

அத்தை கூட வருகிறார், கறாரான சைவம், வெங்காயம் பூண்டுகூட ஆகாது என்றால் நான் சொல்வது கோயாசான். வகயாமா மாகாணத்து மலைமேல் கூகாய் என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டில் உண்டாக்கிய பௌத்தத் தலம். அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். அவர்கள் போடும் சாப்பாடு மரபுப்படியே இறைச்சியும் மீனும் வெங்காயமும் பூண்டும் இல்லாதது. எள் டோஃபு வாயில் வைத்தால் கரையும். காலைப் பூஜையிலும் உட்காரலாம். பெரும்பாலான கோயில்களில் குளியல் சாதாரண வெந்நீர்தான், ஊற்று நீர் இல்லை. அதை வேறு ஊரில் பகல் நேரக் குளியலாக வைத்துக்கொள்.

சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டுவைக்காதே, இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை அது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் பையில் இருக்கட்டும், அறையில் பசித்தால் உதவும். சாப்பாட்டுக் கூடத்தில் வெளியே எடுக்காதே, சமைத்தவர் மனம் வருந்தும்.

அறைக்குள்

வாசலில் ஷூவைக் கழற்று, செருப்பு கொடுப்பார்கள். பாய் விரித்த அறைக்குள் அந்தச் செருப்பும் வேண்டாம். கழிப்பறைக்கு வேறு செருப்பு, அதோடு வெளியே நடந்து வராதே. பெட்டியைப் பாய்மேல் உருட்டாதே. சுவரில் சித்திரம் தொங்கி, கீழே பூ வைத்திருக்கும் மேடை பார்க்க அலமாரி மாதிரி இருக்கும், அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது.

யுகாதாவை இடது பக்கம் மேலே வரும்படி கட்டு. வலது மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் முறை, பார்த்தவர்கள் பதறிப்போவார்கள். அளவு போதவில்லை என்றால் கேள், பெரியது இருக்கும். உள்ளே பனியன், லெக்கின்ஸ் போட்டுக்கொண்டால் உட்கார்ந்து எழுந்திருக்கப் பயமில்லை. சாப்பிடப் போகவும் அதே உடைதான்.

நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பணிப்பெண் வந்து தரையில் மெத்தை விரித்துவிடுவார். இப்போது சில விடுதிகளில் நாமே விரித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால் கட்டில் உள்ள அறை, நாற்காலி உள்ள சாப்பாட்டு மேசை இரண்டையும் முன்பே கேட்டு வாங்கு. பழைய விடுதிகளில் அறைக்குள் கழிப்பறை இல்லாமலும் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்.

பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு மலை ஊருக்குப் போகாதே. 'தக்யூபின்' என்ற பார்சல் சேவை இருக்கிறது. கிளம்பும் ஹோட்டலின் வரவேற்பிலேயே கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். துண்டு, பல் துலக்கி, சோப்பு எல்லாம் விடுதியிலேயே கிடைப்பதால் ஒரு ராத்திரிக்குத் தோள் பை போதும். சின்ன விடுதிகளில் கார்டு வாங்காமல் போகலாம், யென் நோட்டாகக் கையில் வைத்துக்கொள். டிப்ஸ் கொடுக்க வேண்டாம். அறையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டாய் என்று நினைத்துத் தெருவரை ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

விமானத்தில் இறங்கிய முதல் நாளில் ரியோகானை வைக்காதே, குளித்ததும் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிவிழுவாய். பயணத்தின் பிற்பாதியில், நடந்து நடந்து கால் வலிக்கத் தொடங்கும் நாளில் வை. மறுநாள் ரயிலை 11 மணிக்கு மேல் போட்டுக்கொள், அப்போதுதான் காலைக் குளியலும் காலைச் சாப்பாடும் அவசரமில்லாமல் நடக்கும்.